கணக்கிலிருந்து கழன்று போனவர்கள்

ஆபீஸில் ஒருமுறை நாங்க ஒரு தில்லாலங்கடி வேலை பண்ணோம். தீர்க்காமல் கிடந்த பக்குகளில் பாதியை ‘இது பக்கே இல்லை’ன்னு குறிச்சு மூடினோம். டாஷ்போர்டு பச்சையாச்சு. சாஃப்ட்வேர் அப்படியேதான் இருந்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் ‘கிராஜுவேஷன் சக்சஸ் ரேட்’ பற்றிப் படிச்சப்போ அதுதான் ஞாபகம் வந்தது. ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்த வீரர்களில் எத்தனை பேர் ஆறு வருஷத்துக்குள் பட்டம் வாங்கினாங்க என்பதே கணக்கு. முதல்நிலைக் கல்லூரிகளில் ஒட்டுமொத்த விகிதம் இப்போ 90 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. கருப்பின மாணவர்களின் விகிதமும் ஏறியிருக்கிறது. ஏறியது பொய்யில்லை. ஆனா எதை எதால் வகுக்கிறாங்க?

அரசாங்கக் கணக்கில், சேர்ந்த கல்லூரியிலேயே பட்டம் வாங்காத எல்லாரும் தோல்வி. வேறு கல்லூரிக்கு மாறி முடிச்சவரும் தோல்விதான். இது அநியாயம்னு என்.சி.ஏ.ஏ. சொன்னது நியாயமே. 2005 முதல் அவங்க தனிக் கணக்கு வெளியிடறாங்க. அதில், படிப்புத் தகுதியோட விலகினவர் பழைய கல்லூரியின் கணக்கிலிருந்து கழிக்கப்படுவார். மாறி வந்தவர் புதுக் கல்லூரியின் கணக்கில் சேருவார். ஓட்டை எங்கேன்னா, விலகினவர் வேறெங்கேயும் சேராமல் படிப்பையே விட்டாலும் அவர் தோல்வியாக எண்ணப்பட மாட்டார்.

20 பேர்னு வெச்சுக்குங்க. 10 பேர் பட்டம், 6 பேர் தகுதியோட விலகல், 4 பேர் தகுதியிழந்து வெளியேற்றம். அரசுக் கணக்கில் 50 சதவீதம். இவங்க கணக்கில் பத்தை 14ஆல் வகுக்கணும்: 71. அந்த ஆறு பேரில் ஒருத்தர்கூட எங்கேயும் முடிக்கலைன்னாலும் 71தான்.

சரி, பட்டம் வாங்கின பத்துப் பேர்? அவங்க என்ன படிச்சாங்கன்னு இந்த எண் கேட்காது. சேப்பல் ஹில்லில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை ‘காகித வகுப்புகள்’ நடந்தன. பாடமே நடக்காது, ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், துறையின் அலுவலக நிர்வாகியே தாராளமா மார்க் போடுவார். 2014இல் வெளியான வெய்ன்ஸ்டீன் அறிக்கைப்படி 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் இருந்தாங்க, கிட்டத்தட்ட பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். அவங்களுக்கான கல்வி ஆலோசகர்களே பலரை அங்கே அனுப்பினாங்க. 2017இல் என்.சி.ஏ.ஏ. குழு, வகுப்புகள் மற்ற மாணவர்களுக்கும் திறந்திருந்ததால் தங்கள் விதி மீறப்பட்டதுன்னு முடிவு செய்ய முடியலைன்னு விட்டுடுச்சு.

இதை ‘படிப்பு ஏறாத பசங்க’ கதையாச் சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். கல்லூரிகளுக்குப் பணம் கொட்டும் ஃபுட்பாலிலும் ஆண்கள் கூடைப்பந்திலும்தான் கருப்பின வீரர்கள் அதிகம். அவங்க ஆடத் தகுதியோட இருக்கணும். அதுதான் கல்லூரியின் கவலை. படிக்கணும் என்பது அடுத்த கவலை. அளவுகோல் முதல் கவலையை அளந்துட்டு, இரண்டாவதன் பெயரை வெச்சுக்குது.

நான் கேட்பது இரண்டே இரண்டு பத்திகள்: தகுதியோட விலகினவங்களில் எத்தனை பேர் எங்காவது முடிச்சாங்க? பட்டம் வாங்கினவங்க எந்தெந்தத் துறையில் வாங்கினாங்க? இனவாரியா, ஒவ்வொரு கல்லூரிக்கும்.

நாங்க மூடின பக்குகள் ஆறு மாசத்தில் திரும்ப வந்தன, திறந்து சரிபண்ணினோம். ஆட்டமும் முடிஞ்சு, படிப்பும் கையில் இல்லாம 22 வயசில் வெளியே வர்ற பையனுக்கு அது அவ்வளவு சுலபமில்லை.