பின்வாசலும் திராட்சத்தோட்டமும்

யோவான் 10:9ஐக் கொண்டு நாம் எத்தனையோ அருளுரைகள் ஆற்றியிருக்கிறோம். அமெரிக்கப் பள்ளி ஒன்றில் அவ்வசனத்தின்மேல் நிகழ்ந்த அருளுரையைக் கேட்ட மாணவி ஒருத்தி, ஆண்டவர் தம்மை வாசல் என்று கூறியதை உருவகமாகக் கொள்ளவில்லை. மெய்யான கதவொன்றைத் தேடிப் புறப்பட்டாள். கூரைக்குச் செல்லும் ஒரு சிறு கதவில் அவளது தேடல் நிறைவுற்றது. அதன்பின், வாழ்வில் வந்த பெரிய மாற்றங்களைக் கதவுகளைக் கடந்து பழகியே அவள் எதிர்கொண்டாள். அம்மாணவியே 1947இல் பிறந்த டெம்பிள் கிராண்டின். 1995இல் வெளிவந்த அவருடைய ‘திங்கிங் இன் பிக்சர்ஸ்’ என்னும் நூல், ஆட்டிசம் உடையோரின் மனவுலகைக் காட்டும் நூலாகவே பெரிதும் படிக்கப்படுகிறது. அதனை வேலையையும் அழைப்பையும் பற்றிய நூலாகவும் இறையியல் மாணவர் படித்தல் நன்று.

மூன்று வயது கடந்தும் பேசாதிருந்தவர் கிராண்டின். இளமையில் அத்தையின் பண்ணையில், மாடுகளை இருபுறமும் அணைத்து நிறுத்தும் சாதனத்தைக் கண்டு அதிலேயே மனம் பதித்தார். பிறர் அதைப் பித்து என்று ஒதுக்கியபோது, அறிவியல் ஆசிரியர் ஒருவர் அந்த ஈடுபாட்டையே படிப்புக்கு வழியாக்கினார். பின்னர் கால்நடைகளை நடத்திச் செல்லும் பாதைகளை வடிவமைப்பது கிராண்டினின் தொழிலாயிற்று. மாட்டின் கண்மட்டத்திற்குக் குனிந்து அப்பாதைகளைப் பார்த்து, தொங்கும் சங்கிலியும் தரையில் விழும் நிழலும் மாடுகளைத் தயங்க வைப்பதை அவர் கண்டறிந்தார். வரையுமுன் மனத்திலேயே ஒரு கருவியை இயக்கிப் பார்க்க அவரால் இயன்றது.

நூலில் தொழில் பற்றி அவர் கூறும் அறிவுரை தெளிவானது. நேர்முகத் தேர்வு ஆட்டிசம் உடையவருக்குப் பெருந்தடை. ஆகவே ஆளைக் காட்டாமல் வேலையைக் காட்டவேண்டும். அவரும் தம் வரைபடங்களையும் புகைப்படங்களையும் காட்டியே பணி பெற்றார். இதனைப் பின்வாசல் வழி எனலாம். ஒரே வேளையில் பலவற்றை நினைவில் தாங்கவேண்டிய காசாளர் பணி போன்றவற்றை விலக்கி, வரைபடக் கலை, கணினி நிரல் எழுதுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றை நாடுமாறு அவர் கூறுகிறார். பட்டறிவிலிருந்து பிறந்த இவ்வறிவுரை பயனுள்ளது என்பதில் ஐயமில்லை.

எனினும் இரண்டு குறைகளைச் சுட்டாமலிருக்க இயலாது. தம்மைப்போலவே ஆட்டிசம் உடையோர் யாவரும் படங்களாகவே சிந்திப்பர் என முதற்பதிப்பில் அவர் எழுதினார். 2006ஆம் ஆண்டின் விரிவான பதிப்பில், எண்ணும் இசையும் போன்ற ஒழுங்கமைப்புகளில் சிந்திப்போரும் சொற்களில் சிந்திப்போரும் உண்டென அவரே திருத்திக்கொண்டார். தம் பிழையை ஒளிக்காத இந்நேர்மை பாராட்டத்தக்கது. இரண்டாவது குறையோ ஆழமானது. விற்கத்தக்க திறமை உடையவனுக்கே பின்வாசல் திறக்கும். அத்தகைய திறமையில்லாதவன் என்ன செய்வான்? நூல் இக்கேள்வியின் அருகே வந்து நின்றுவிடுகிறது. முன்வாசல் ஏன் அடைபட்டிருக்கிறது என்றும் அது அழுத்தமாக வினவுவதில்லை.

ஆயினும் இதற்கான விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் தனியே எந்தக் கதவையும் திறக்கவில்லை. தாய், அத்தை, ஆசிரியர், உடையையும் தூய்மையையும் பற்றி முகத்திற்கு நேரே சொல்லித் திருத்திய ஒரு மேலாளர் என, உள்ளேயிருந்து எவரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளை நீக்கினர். மத்தேயு 20இல் வரும் வீட்டெஜமான் செய்ததும் இதுவே. பதினோராம் மணி வேளையிலும் அவனே சந்தைவெளிக்குச் செல்கிறான். அங்கு நிற்போரைச் சோம்பேறிகள் என அவன் முடிவுகட்டவில்லை. காரணம் கேட்கிறான். எவரும் தங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்னும் மறுமொழியை ஏற்றுத் தன் தோட்டத்திற்கு அனுப்புகிறான். உவமை அருளைப் பற்றியது, கூலிச் சட்டமன்று. ஆயினும், ஒருவனுடைய மதிப்பு அவன் வேலையின் அளவைச் சார்ந்ததன்று என்பதை இதைவிடத் தெளிவாக உரைக்க இயலாது.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணி ஒதுக்கீட்டில் ஆட்டிசம் உடையோரையும் சேர்த்திருக்கிறது. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தும் திருச்சபையும் வேலையளிக்கும் எஜமானே அன்றோ? தேர்வுக் குழுக்களில் அமரும் நாம், கண்ணைப் பார்த்துப் பேசாத இளைஞனை நேர்மையற்றவன் என்றும், கேட்டதற்கு மட்டும் விடையளித்தவனை ஆர்வமற்றவன் என்றும் கருதி ஒதுக்கியதுண்டு. அவர்களுள் எத்தனை பேர் பிழையின்றிக் கணக்கேடு எழுதவும் நூலகத்தை ஒழுங்குசெய்யவும் வல்லவராயிருந்தனரோ, நாம் கேட்கவேயில்லை.

அடுத்த முறை அத்தகைய ஒருவர் நம்முன் வந்து அமரும்போது, வினாக்களை முன்னதாகவே எழுதிக் கொடுப்போம். அவர் செய்த வேலையைக் காட்டச் சொல்லுவோம். ஒரு வாரம் உடனிருந்து செய்துபார்க்க இடமளிப்போம். திறமை குறைந்தவருக்கும் சபையின் அன்றாடப் பணிகளுள் ஏற்றதொன்றைத் தேடித் தருவோம். கிராண்டினின் நூலை ஆயர்கள் வாங்கிப் படிப்பதோடு, வேலையின்றி வீட்டிலிருக்கும் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதன் பொருளை எடுத்துரைப்பார்களாக.