ஊசிக் கப்பலும் ஒரு சுளைப் பலாவும்

கோத்தா திங்கியில் ஒரு தேநீர்க்கடை. பெரியவர் ஒருவர் என்னிடம், “தம்பி, இது சோழன் ஜெயிச்ச மண்ணு. நாம ஒண்ணும் சும்மா வந்தவங்க இல்ல” என்றார். தலையாட்டினேன். பள்ளியில் எவனாவது ‘உங்க தாத்தா மரம் சீவ வந்தவர்தானே’ என்று கேட்டால், பதிலுக்கு வீச என்னிடமும் ராஜேந்திர சோழன் மட்டும்தான் இருந்தான். ஆனால் அந்தப் பெருமைக்குச் சாட்சியாகக் காட்டப்படும் ‘செஜாரா மெலாயு’வைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது.

ஜொகூரின் பெண்டாஹாரா துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடும் 1612ஆம் ஆண்டோடும் சேர்த்துச் சொல்லப்படும் நூல் அது. அப்போது அரசவை இதே ஜொகூர் ஆற்றங்கரையில்தான் இருந்தது. நூலில் வரும் கலிங்க மன்னன் ராஜா சுலான், ஆற்றின் மேற்பகுதியில் கெலாங்குயி என்ற கருங்கல் கோட்டையைத் தாக்குகிறான். அதன் அரசனைக் கொன்று அவன் மகளை மணக்கிறான். சுலானை நாம் சோழன் என்று வாசிக்கிறோம். 1025இல் நடந்த படையெடுப்பின் நினைவு இதில் ஒட்டியிருக்கலாம். ஆனால் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் ஸ்ரீவிஜயமும் கடாரமும் இலங்காசோகமும் உண்டு, கெலாங்குயி என்ற பெயர் இல்லை. 2005இல் ஜொகூர் காட்டுக்குள் அந்தக் கோட்டை இருப்பதாகச் செய்தி வந்தபோது எல்லோரும் பரபரப்பானோம். அடுத்த ஆண்டே அரசுத் தரப்பு அதை மறுத்துவிட்டது.

கோட்டை இருந்ததா இல்லையா என்பதல்ல என் சிக்கல். நாம் அந்த நூலில் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதே குலத்து அரசன் சீனாவை வெல்லக் கிளம்பித் தெமாசெக்கில் தங்குகிறான். சீனர்கள் ஒரு கப்பல் நிறையத் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்து நிற்கும் மரங்களையும், பல்லுப்போன கிழவர்களையும் அனுப்பி வைக்கிறார்கள். ‘கிளம்பும்போது நாங்கள் சிறுவர்கள், இந்த ஊசிகள் கைத்தடிமன் இரும்புக்கம்பிகள், மரங்கள் அப்போது நட்ட விதைகள்’ என்கிறார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று மலைத்துப்போய் அரசன் திரும்பிவிடுகிறான். வாளால் வென்ற குலத்தை ஒரு பொய்க்கதை ஊருக்கு அனுப்பிவிடுகிறது! நூலாசிரியருக்குச் சோழனுக்கு விழா எடுக்கும் எண்ணமெல்லாம் இல்லை. அவர் மலாக்கா அரசர்களுக்கு வம்சாவளி தேடுகிறார். போகிறபோக்கில் வெற்றிவீரனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார். நம் மேடைகளில் கோட்டையை இடித்த கதை மட்டும் பேசப்படுகிறது. ஊசிக் கப்பல் கரைசேர்வதே இல்லை.

அந்தச் சிரிப்பு கசந்துபோகும் கதையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. மெகாட் ஸ்ரீ ராமா கடலில் போரிடும்போது அவன் கர்ப்பிணி மனைவி டாங் அனும் சுல்தானுக்குரிய பலாவில் ஒரு சுளை தின்றுவிடுகிறாள். பிள்ளைதான் கேட்டது என்கிறாள். பார்த்துவிடலாமே என்று அவள் வயிற்றைக் கிழிக்கச் சொல்கிறார் சுல்தான் மஹ்மூட். 1699இல் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பல்லக்கில் போன சுல்தானை மெகாட் ஸ்ரீ ராமா குத்திக் கொல்கிறான். சுல்தான் கொலையுண்டது வரலாறு. பலாச்சுளை மக்கள் சேர்த்துக்கொண்ட காரணம். சுல்தானின் கல்லறை கம்போங் மக்காமில் இருக்கிறது, அந்தத் தம்பதியின் கல்லறைகள் கம்போங் கிளந்தானில். ஊர் இரண்டையும் காத்துவருகிறது.

என் பாட்டி இந்த ஆற்றுப்பக்கத் தோட்டமொன்றில் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவள். கொய்யா பறித்ததற்காகக் கிராணியிடம் அடிவாங்கிய ஒருத்தியின் கதையை அடிக்கடி சொல்வாள். நான் பாதிதான் கேட்டேன், எனக்கு அப்போது சோழன் வேண்டியிருந்தான். பாட்டி போய்விட்டாள், அந்தப் பெண்ணின் பெயரும் அவளோடு போய்விட்டது.

இந்த ஆற்றில் நமக்கு உறவு கெலாங்குயியை இடித்தவன் அல்ல, பலாச்சுளை தின்றவள்தான். சோழன் வந்தானா என்று இன்னும் எத்தனை காலம் தேடப்போகிறோம்? லயத்து வீட்டில் சொல்லப்பட்டதை யார் எழுதப்போகிறோம்? பெரியவரிடம் அன்று இதைச் சொல்லவில்லை. தேநீருக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.