உடலும் இருப்பும்: உளச்சிகிச்சையில் ஓர் இணைப்புப் பற்றிய விமர்சனக் குறிப்பு

மேலைநாடுகளில் உளச்சிகிச்சையாளரும், முகாமையாளர்க்கும் தொழில்வல்லுநர்க்கும் வழிகாட்டும் பயிற்றுநரும் இரு வேறு மரபுகளை ஒன்றிணைக்க முயன்று வருகின்றனர். ஒன்று, மூச்சு, தசையிறுக்கம், அசைவு ஆகியவற்றைக் கவனித்து அவற்றினூடாக உள்ளத்தை அணுகும் உடல்வழிப் பயில்நெறி. மற்றையது, சுதந்திரம், தெரிவு, மரணம், அர்த்தமின்மை ஆகிய வினாக்களை மையமாகக் கொண்ட இருத்தலியல். இம்முயற்சியை வெறும் மோஸ்தர் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அது உண்மையானதொரு குறைபாட்டுக்கு விடைகாண முனைகின்றது என்பதை முதற்கண் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். அவ்விடை எத்துணை முழுமையானது என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

ஹைடெகர் 1927 இல் வெளியிட்ட 'இருப்பும் காலமும்' என்னும் நூலில் மனித இருப்பை நுணுகி ஆராய்ந்தபோதும், உடல் பற்றிய பிரச்சினையை அங்கு ஆராயாதே விடுத்தார். சுவிற்சர்லாந்து உளமருத்துவர் மெடாட் பொஸ் 1959 முதல் 1969 வரை ஒழுங்குசெய்த சொலிக்கோன் கருத்தரங்குகளிலேயே, மருத்துவர்கள் முன்னிலையில், அவர் அதனை விரிவாக எடுத்துக்கொண்டார். இதற்கிடையில், 1945 இல் மெர்லோ-பொன்ரி 'புலக்காட்சியின் தோற்றப்பாட்டியல்' என்னும் நூலில் அவ்விடைவெளியை நிரப்பியிருந்தார். உடல் நாம் உடைமையாகக் கொண்டுள்ள பொருளன்று. உலகோடு நாம் கொள்ளும் உறவே உடல்வழிப்பட்டது என்பது அவர் வாதம். பார்வையற்றவரின் கைத்தடி, பழகியபின், அவருக்குப் புறப்பொருளாக அன்றித் தொடுபுலனின் நீட்சியாகிவிடுகின்றது என்பது அவர் காட்டும் உதாரணம். உடலையும் உள்ளத்தையும் இருகூறாக்கிய தெக்கார்த்தின் சிந்தனையை மீறிச் சென்ற இக்கருத்து, பொருள்முதல்வாதிகளும் வரவேற்கத்தக்கதேயாகும்.

உடல்வழிச் சிகிச்சையின் வரலாறு இதனினும் கவனத்துக்குரியது. அடக்கப்பட்ட உணர்ச்சி தசையிலே கவசமாக இறுகுகின்றது என்னும் கருத்தை வளர்த்தெடுத்தவர் வில்ஹெல்ம் ரைக். 'பண்புப் பகுப்பாய்வு' வெளிவந்த 1933 ஆம் ஆண்டிலேயே அவரது 'பாசிசத்தின் வெகுசன உளவியல்' என்னும் நூலும் வெளிவந்தமை தற்செயலன்று. ஒடுக்கப்படுவோர் தம்மை ஒடுக்கும் ஆட்சியை ஏன் விரும்பி ஏற்கின்றனர் என்பதே அவரை அலைக்கழித்த வினா. அவர் நோக்கில் கவசம் என்பது குடும்பமும் அதிகாரமும் உடலிற் பதித்த அடையாளமாகும். பொதுவுடைமைக் கட்சி அவரை 1933 இலும், சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கம் 1934 இலும் வெளியேற்றின. அமெரிக்கா சென்றபின் பிரபஞ்ச சக்தி பற்றிய நிறுவவியலாத கொள்கைகளுள் அவர் மூழ்கி, 1957 இல் சிறையில் இறந்தார். அவரிடம் பயின்ற அலெக்சாண்டர் லோவனின் உயிராற்றல் சிகிச்சையிலும், 1962 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய எசலென் நிலையத்திலும் உடல்வழிப் பயில்நெறி செல்வாக்குப் பெற்றது. ஆங்கே கவசம் எஞ்சியது. கவசத்தை வார்த்தவர் யார் என்ற வினா பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

இன்றைய இணைப்பின் அடிப்படைப் பலவீனம் இதிலிருந்தே பிறக்கின்றது. வரலாறு நீக்கப்பட்ட உடலும் வரலாறு நீக்கப்பட்ட இருப்பும் அங்கே சந்திக்கின்றன. வேலைப்பளுவினால் தோள் இறுகிய ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவ்விறுக்கத்தை உணரவும், ஆழ மூச்செடுக்கவும், தம் வாழ்வைத் தாமே தெரிவுசெய்வதை அறியவும் அவர் பயிற்றப்படுகின்றார். வேலை நேரத்தை நிர்ணயித்தவர் யார் என்பது அவ்வுரையாடலில் இடம்பெறுவது அரிது. பயிற்றுநருக்கான ஊதியத்தை நிறுவனமே வழங்குமிடத்து அது மேலும் அரிதாகின்றது. அந்நியமான உழைப்பு மனிதனை அவனது உடலிலிருந்தே பிரிக்கின்றது என 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் சுட்டினார். உழைப்பின் நிலைமைகளை மாற்றாது உடலை மட்டும் மீட்டளித்தல், உழைப்பாற்றலைப் பழுதுபார்த்துத் திரும்ப அனுப்புவதாகவே முடியும்.

இதற்கு மாறான இணைப்பொன்று சாத்தியம் என்பதற்குப் பிரான்ஸ் ஃபனொன் சான்று. லியோனில் மெர்லோ-பொன்ரியின் விரிவுரைகளைக் கேட்ட அவர், 1952 இல் வெளியான 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்னும் நூலில் அத்தத்துவத்தின் எல்லையைத் தொட்டுக்காட்டினார். வெள்ளைச் சிறுவனொருவன் அச்சத்தோடு சுட்டிக்காட்டும் கணத்திலே கறுப்பு மனிதனின் உடல் அவனுக்குரியதாக இருப்பதில்லை. இனவாத வரலாறு அதன்மீது எழுதப்பட்டுவிடுகின்றது. 1961 இல் வெளிவந்த 'பூமியின் சபிக்கப்பட்டோர்' நூலின் இறுதி இயலில், அல்ஜீரிய நோயாளரிடம் கண்ட தசை விறைப்பை, குடியேற்ற அதிகாரத்தின் முன் தளர மறுக்கும் உடலின் வெளிப்பாடாக அவர் விளக்கினார். இவ்விறுக்கம் நோயாக இருக்கும் அதேவேளை எதிர்ப்பாகவும் இருக்கின்றது. அதனைத் தளர்த்த முனையும் சிகிச்சையாளர், தாம் எதைத் தளர்த்துகின்றார் என்று தம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

சமூகம் மாறும்வரை நோயாளி காத்திருக்க வேண்டுமா என்னும் மறுப்பு நியாயமானது. ஃபனொன் எவரையும் காத்திருக்கச் சொல்லவில்லை. பிளிடா மருத்துவமனையிலிருந்து 1956 இல் விலகிய பின்னரும் துனிஸ் நகரிற் பகல்நேர மருத்துவ நிலையமொன்றை நடத்தினார். துன்புறுவோனின் மூச்சையும் நடுக்கத்தையும் மேற்கட்டுமானத்தின் எதிரொலி என்று கூறி அமைந்துவிடும் வரட்டு மார்க்சியத்துக்கும் இதில் பாடமுண்டு. நமது வடபுலத்துப் போர் அனுபவத்தை ஆராய்ந்த தயா சோமசுந்தரம், 2007 இல் வெளியான தமது ஆய்வில், தனியாளை மாத்திரம் நோக்குதல் போதாது, குடும்பமும் சமூகமும் அடைந்த ஊறும் கருத்திற்கொள்ளப்படல் வேண்டும் என வலியுறுத்தியமை இத்தொடர்பிற் குறிப்பிடத்தக்கது.

எனவே உடலையும் இருப்பையும் இணைப்பதன்று தவறு; அவ்விணைப்பிலிருந்து மூன்றாவதொன்றை விலக்குவதே தவறு. இத்தகைய சிகிச்சை எதனையும் மதிப்பிட ஓர் உரைகல் உண்டு. தன் உடலின் வலியை உணர்ந்துகொண்டவர், அதே வலியைச் சுமக்கும் பிறரை அடையாளங் காண்கின்றாரா, அன்றித் தம் மூச்சுக்குள்ளேயே ஒடுங்கிவிடுகின்றாரா? முன்னையதற்கு வழிசெய்யும் சிகிச்சையே விடுதலையின் பாற்பட்டது.