ஒரே பெட்டியில் பதினைந்து மேசை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்கள் தகுதி பெறா. கோவை, திருப்பூர் பக்கத்துச் சிறு நிறுவனங்களில் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பல இப்படிக் கழிவுக் கணக்கில் சேர்ந்தன. இந்த நேரம் பார்த்துத்தான் விர்ச்சுவல் டெஸ்க்டாப் விற்பவர்கள் படியேறி வருகிறார்கள். பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள், அது வெறும் திரையாக இருக்கட்டும், எல்லாருடைய விண்டோஸும் ஒரு சர்வரில் ஓடும் என்கிறார்கள். பெரிய வங்கிகளே இப்படித்தான் நடக்கின்றன என்பது அவர்களுடைய துருப்புச் சீட்டு.

வசதி இல்லையென்று யாரும் சொல்லவில்லை. லேப்டாப் தொலைந்தாலும் கோப்பு தொலையாது. புதிதாகச் சேர்ந்தவருக்குச் சில நிமிடங்களில் டெஸ்க்டாப் தயார். பேக்கப் ஒரே இடத்தில். போதும்.

வங்கியில் ஒரு சர்வர் விழுந்தால் அதில் ஓடிய டெஸ்க்டாப்புகள் இன்னொன்றில் எழுந்து நிற்கும். ஸ்டோரேஜும் இரட்டை, இரவுப் பணிக்கும் ஆள் உண்டு. விர்ச்சுவல் டெஸ்க்டாப்பின் உண்மையான விலை இந்த ஏற்பாட்டின் விலைதான். பதினைந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குத் தரும் கொட்டேஷனில் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. மிஞ்சுவது மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர், ஒரு யுபிஎஸ், ஒரு சுவிட்ச். ரெய்ட் போட்டிருக்கிறோமே என்பார்கள். ஹார்டு டிஸ்க் போனால் ரெய்ட் காப்பாற்றும், மதர்போர்டு போனால்?

முன்பு ஒரு பிசி படுத்தால் ஒருவர்தான் சும்மா உட்கார்ந்தார். அவரும் பக்கத்து மேசையில் டேலியைத் திறந்து பில் போட்டு லாரியை அனுப்பிவிடுவார். இப்போது ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி சர்வர் படுத்தால் பதினைந்து பேரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். (சர்வர் நன்றாக இருக்கும் நாளிலும், தன் மேசையில் செருகிய டிஎஸ்சி டோக்கன் அங்கே தெரியவில்லை என்று கணக்காளர் புலம்புவது தனிக் கதை.)

இதைவிட மோசமானது பராமரிப்பு. சர்வருக்குப் பேட்ச் போட அதை நிறுத்த வேண்டும். டெஸ்க்டாப்புகளை நகர்த்தி வைக்க இரண்டாவது சர்வர் இல்லாததால், நிறுத்துவது என்றால் அலுவலகத்தையே நிறுத்துவதுதான். ஏஎம்சிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார். முதலாளி திங்கட்கிழமை விட மாட்டார். பேட்ச் அப்படியே கிடக்கும். 2023 பிப்ரவரியில், விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள் ஆயிரக்கணக்கில் ரேன்சம்வேருக்கு இரையாயின. பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பேட்ச் வந்திருந்தது. அந்தத் தாக்குதல் குறிவைத்தது விர்ச்சுவல் மெஷின்களின் கோப்புகளை. ஒரு சர்வருக்குள் நுழைந்தவனுக்கு அதிலிருந்த எல்லாமே கிடைத்தது. பதினைந்து கணினிகளைப் பதினைந்து முறை உடைக்க வேண்டிய சிரமத்தைத் திருடனுக்கு நாமே மிச்சப்படுத்திக் கொடுக்கிறோம்.

அப்படியானால் கிளவுடுக்குப் போங்கள் என்று உடனே பதில் வரும். பெட்டி அங்கே போகும். ஒன்றையே நம்பியிருப்பது மட்டும் மாறாது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் அலுவலகம் முழுக்க இருட்டு. வாடகையையும் பார்க்க வேண்டும். 2021-இல் விண்டோஸ் 365 வந்தபோது 8 ஜிபி ராம் உள்ள கிளவுட் பிசிக்கு மாதம் 40 டாலருக்கு மேல். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் ஐந்தாண்டில் தலைக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தப் பணத்துக்கு மூன்று நான்கு புதுக் கணினிகள் வாங்கலாம்.

சிறு நிறுவனத்துக்கு வேண்டியது கோப்புகளை ஒரு நாஸ் பெட்டியில் சேர்ப்பதும், அதன் நகலைத் தினமும் வேறு ஊருக்கு அனுப்புவதும். கணினிகள் அவரவர் மேசையிலேயே இருக்கட்டும். மாறித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் இரண்டாவது சர்வரின் விலையையும் சேர்த்துக் கொட்டேஷன் கேட்கலாம். எதிரில் இருப்பவர் அப்போது முதலில் பேசுவது தள்ளுபடியைப் பற்றியாகத்தான் இருக்கும்.