கடல் கொள்ளாத தீவு

ஒரு சமுதாயத்தின் அழிவைச் சித்திரிக்கும் கலைஞன், அவ்வழிவுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவிலிருந்து தப்ப முடியாது. அவன் வெளிப்படையாக விடை கூறாது விட்டாலும், அவனது படைப்பு ஏதோவொரு விடையைக் கூறியே தீரும். மைக்கேல் பவல் என்னும் ஆங்கில நெறியாளர் 1937இல் வெளியிட்ட 'உலகின் விளிம்பு' என்ற திரைப்படத்தை இந்நோக்கிலேயே இங்கு அணுக விரும்புகின்றோம்.

படத்துக்குத் தூண்டுகோலாயமைந்தது சென்ட் கில்டாவின் கதை. ஸ்கொத்லாந்தின் மேற்கே, வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் அப்பால் ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தொலைவில், அத்திலாந்திக் சமுத்திரத்தில் தனித்து நிற்பது அத்தீவுக்கூட்டம். அதன் பெருந்தீவாகிய ஹேர்ட்டாவில் வாழ்ந்தோர், செங்குத்துப் பாறைகளிற் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவைகளையும் முட்டைகளையும் சேகரித்து உயிர்வாழ்ந்தனர். எஞ்சியிருந்த 36 பேரும், தாமே விடுத்த வேண்டுகோளுக்கிணங்க, 1930 ஓகஸ்ட் 29ஆம் திகதி கடற்படைக் கப்பலொன்றில் ஏற்றிச் செல்லப்பட்டனர்.

பவலின் படத்துக்குரிய சிறப்புக்களை மறுத்தல் நேர்மையாகாது. படப்பிடிப்பு நிலையத்துச் செயற்கைக் காட்சிகளை விடுத்து உண்மையான தீவொன்றுக்கே சென்றமையும், அத்தீவு மக்களைப் படத்திலே தோன்றச் செய்தமையும் அக்காலத்திற் துணிவான காரியங்களே. ஆயின், கதையின் அச்சு யாது? தீவில் நிற்பதா, நீங்குவதா என்ற பிணக்கைத் தீர்க்க இரு இளைஞர் போட்டியிட்டுப் பாறையில் ஏறுகின்றனர். ஒருவன் வீழ்ந்து மடிகின்றான். பின்னர் ஒரு பச்சிளங் குழந்தை நோயுற, புயலைக் கடந்தே வைத்தியத்தைத் தேட வேண்டியிருக்கின்றது. தீவைக் கைவிடும் நாளிலே முதியவரொருவர் கயிறறுந்து மாள்கின்றார். பாறையும் கடலுமே விதியின் கருவிகள். மனிதன் இயற்கையிடம் தோற்றான் என்பதே படம் தரும் விடை.

வரலாறு தரும் விடையோ வேறு. 1697இல் அங்கு சென்ற மார்ட்டின் மார்ட்டின், ஏறத்தாழ 180 பேர் வாழக் கண்டார். அவர்களை வாழவைத்தவையும் அதே கடலும் அதே பாறையுமே. 1727இல் வெளியிலிருந்து வந்த பெரியம்மை அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது. 1852இல் 36 பேர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். பலர் வழியிலேயே மாண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிறந்த குழந்தைகளிற் பெருந்தொகையினரை ஏற்புவலி கொண்டுபோயிற்று. தூய்மையான பிரசவமுறை புகுந்ததும் அச்சாவு நின்றது. அறிவு சென்றடையாமையே அங்கு கொலையாளியாயிருந்தது, கடல் அன்று.

நிலமோ மக்லியோட் குடும்பத்தினருக்கு உரியது. அவர்களின் காரியஸ்தர் ஆண்டுதோறும் வந்து இறகு, பறவை எண்ணெய், கம்பளித் துணி என்று குத்தகையைப் பண்டமாகவே பெற்றுச் சென்றார். நிலப்பிரபு ஒருவரையே குற்றவாளியாக்குவது எளிமைப்படுத்தலாகும் என்பதையும் ஒப்புக்கொள்வோம். முதல் உலகப் போர்க்காலத்திற் கடற்படையினர் நிலையமைத்திருந்தபோது தொடர்பும் கூலிவேலையும் கிடைத்தன, போர் முடிந்ததும் அவை மறைந்தன, இளைஞரும் வெளியேறினர். அம்மக்களுக்கு ஒழுங்கான கப்பற் சேவை நடத்த முன்வராத அரசு, 1957இல் அதே ஹேர்ட்டாவில் ஏவுகணைகளைக் கண்காணிக்கும் இராணுவ நிலையத்தை அமைத்துப் பாதையும் போட்டது. இயற்கை அப்பொழுது குறுக்கே நிற்கவில்லை!

படத்தின் வாதத்தை அது எடுக்கப்பட்ட இடமே மறுக்கின்றது. சென்ட் கில்டாவை 1931இல் வாங்கிய டம்பிறீஸ் பிரபு அனுமதி மறுத்தமையால், பவல் ஷெட்லாந்துக்கு மேற்கேயுள்ள பூலாத் தீவுக்குச் சென்றார். அங்கும் உயர்ந்த பாறைகள், கொந்தளிக்கும் கடல். எனினும் சில பத்துப்பேர் இன்றும் பூலாவில் வாழ்கின்றனர்; படகுச் சேவையும் சிறு விமானத்தளமும் அவர்களுக்குண்டு. ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்றான எக்கின் மக்களோ, 1997இல் தம் தீவையே பொது நிதியமொன்றின் மூலம் நிலவுடைமையாளரிடமிருந்து மீட்டனர். அன்று ஏறக்குறைய 65 ஆக இருந்த குடித்தொகை பின்னர் நூறைத் தாண்டியது. 2008இல் நீர், காற்று, சூரியன் ஆகியவற்றிலிருந்து தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே பெறத் தொடங்கினர்.

கலைஞன் பொருளியலாளன் அல்லன் என்று சிலர் கூறுவர். அவனிடம் நாம் புள்ளிவிபரம் கேட்கவில்லை. உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த இறகு மூடைகளுடன் காரியஸ்தரின் படகை எதிர்நோக்கித் துறையில் நிற்கும் மனிதனிடத்தில், பாறையேறும் போட்டியிலும் ஆழமான நாடகமில்லையா? கேலிக் மொழியிற் பேசிய அம்மக்களின் கதை, ஆங்கிலம் பேசும் பாத்திரங்களின் கதையாக மாறியபோது அந்நாடகம் கைநழுவிற்று.

உலகுக்கு விளிம்பென்று இயற்கை எதனையும் வகுக்கவில்லை. கப்பல் எங்கே போகவேண்டும், எங்கே போகவேண்டாம் என்று தீர்மானிப்போரே அதனை வகுக்கின்றனர். அவர்களைக் காட்டாத படம் எத்துணை அழகியதாயினும், பாதிக் கதையையே கூறியதாகும்.