‘மகனே’ என்று தொடங்கும் வாக்கியம்

எனக்குத் தெரிந்து சென்னையில் தினமும் உற்பத்தியாகியும் யாராலும் விமர்சிக்கப்படாத இலக்கிய வகைமை ஒன்று உண்டு. அது தீர்க்கதரிசனம். பைபிளில் இருக்கும் ஏசாயாவையும் எரேமியாவையும் சொல்லவில்லை. மந்தைவெளியில் ஏதோ ஒரு மாடி ஹாலில், தி.நகரில் வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தில், அடையாறில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொல்லப்படுவதைச் சொல்கிறேன். ஓர் ஊழியர் ஒருவருடைய தலையில் கைவைத்து, கடவுளின் தன்மை இடத்தில் நின்று, ‘நான்’ என்று பேசி, அந்த மனிதரின் வேலை, கல்யாணம், குழந்தை, விசா பற்றி முன்கூட்டியே அறிவிக்கிறார். இப்போது அது வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாகவும் வருகிறது.

இதைக் கிறிஸ்தவர்கள் நம்பலாமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பகுத்தறிவாளர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். விசுவாசி, “ஆவியானவரைத் துக்கப்படுத்தாதீங்க பிரதர்” என்று வாயை அடைத்துவிடுவார். இருவருமே அந்த வாக்கியத்தை வாசிப்பதில்லை. நான் சிஎஸ்ஐ குடும்பத்தில் வளர்ந்தவன், பிழைப்புக்குக் கோடு எழுதுபவன். ஒரு பிரதி என்ன சொல்கிறது என்பதைவிட என்ன செய்கிறது என்று பார்ப்பது என் தொழில்பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இதை வாசித்துப் பார்க்கிறேன்.

முதலில் மொழி. ஐந்து நிமிடம் முன்னால் “வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க” என்று சொன்ன அதே மனிதர், கண்ணை மூடியதும் “மகனே, உனக்கென்று ஒரு வாசலை ஆயத்தம்பண்ணியிருக்கிறேன்” என்கிறார். இந்தத் தமிழ் எங்கிருந்து வருகிறது? ஹென்றி பவர் தலைமையில் முடிக்கப்பட்டு 1871இல் வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பிலிருந்து. தமிழ்ப் புராட்டஸ்டண்டுகளின் காதில் கடவுள் இன்றும் அந்த நடையில்தான் பேசுகிறார். வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோதிடர் ஓலையைப் பிரித்ததும் செய்யுள் நடைக்கு மாறுவதும் இதே காரணத்தால்தான். பழைய தமிழ் கேட்டால் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். சொன்னது உண்மையா என்று பார்க்கும் முன்பே நடை நம்மைப் பாதி நம்பவைத்துவிடுகிறது.

இரண்டாவது, காலம். தமிழில் எதிர்கால வினைமுற்று இரண்டு வேலை பார்க்கிறது. ‘தாத்தா காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருப்பார்’ என்றால் அது வழக்கம், நாளைய அறிவிப்பு அல்ல. ‘கர்த்தர் நடத்துவார்’ என்பதும் அப்படித்தான். அது கடவுளின் இயல்பைச் சொல்லும் வாக்கியமாக இருக்கலாம், உனக்கு ஏப்ரலில் வேலை கிடைக்கும் என்ற உறுதிமொழியாகவும் கேட்கலாம். சொல்பவர் முதல் பொருளில் தப்பித்துக்கொள்ள முடியும். கேட்பவர் இரண்டாவது பொருளை வீட்டுக்கு எடுத்துப்போகிறார். தனிப்பட்ட தீர்க்கதரிசனத்தின் மொத்த வசதியும் இந்த ஒரு இடைநிலைக்குள் இருக்கிறது. ‘சீக்கிரத்தில்’, ‘ஏற்ற காலத்தில்’ என்ற சொற்களைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், டெஸ்ட் கேஸ் எழுதவே முடியாத ரிக்வயர்மெண்ட்.

இதை வெறும் மொழி விளையாட்டாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. என்னோடு வேலை பார்த்த நண்பனின் அம்மாவிடம் ஒரு கூட்டத்தில், மகனை வெளிதேசத்தில் நிறுத்துவேன் என்று சொல்லப்பட்டது. எச்-1பி விசாவுக்கு வருடாந்தர உச்சவரம்பு 85,000. விண்ணப்பங்கள் அதைத் தாண்டினால் குலுக்கல். அவன் பெயர் மூன்று வருடம் குலுக்கலில் போனது, மூன்று வருடமும் வரவில்லை. இதற்கு நடுவே சென்னையிலேயே வந்த நல்ல வேலை ஒன்றை அம்மா வேண்டாம் என்றார். கடைசியில் அம்மா அதே ஊழியரிடம் போய்க் கேட்டபோது வந்த பதில்: “வாக்கு பொய்யாகாது, பையனோட கீழ்ப்படிதல்ல ஏதோ குறை இருக்கு.” அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் விசா கிடைக்காதவன் மட்டுமில்லை, கடவுளின் திட்டத்தைக் கெடுத்தவனும்கூட. சொன்னவர் கணக்கில் ஒரு பைசா கழியவில்லை. தவறிப்போன தீர்க்கதரிசனத்துக்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டால், இந்த வகைமையின் ஒழுக்கம் தெரிந்துவிடும்.

ஆனால் இதையே சொல்லி முடித்துவிட்டால் அது பாதி விமர்சனம். மக்கள் ஏன் போகிறார்கள்? டி.ஜி.எஸ். தினகரனை எடுத்துக்கொள்வோம். 1935இல் பிறந்தவர். வங்கி ஊழியர். 1955இல் ரயில் தண்டவாளத்தில் உயிரை விடப் போய்த் தடுக்கப்பட்டவர். பின்னாளில் அவருடைய ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியம் கிரீன்வேஸ் சாலையின் ஜெபகோபுரத்திலிருந்து இரவும் பகலும் தொலைபேசியில் ஜெபித்தது, எம்.ஆர்.சி. நகர்ப் பக்கம் அவர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. பெருங்கூட்டங்களில் அவர் திடீரென்று ஒரு பெயரைச் சொல்வார், அந்தப் பெயருடையவரின் வலியைச் சொல்வார். ஒரு லட்சம் பேர் கூடிய இடத்தில் இருநூறில் ஒருவருக்கு அந்தப் பெயர், அவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுகுவலி என்று வைத்துக்கொண்டாலே ஐம்பது பேர் எழுந்து நிற்க முடியும். கணக்கு சரிதான். ஆனால் எழுந்து நிற்கும் அந்தப் பெண் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். இந்த நகரத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக்கில், ஒரு லட்சம் பேர் முன்னால், கடவுள் கூப்பிட்டார் என்று அவர் நம்புகிறார். ஐம்பதில் ஒருவர் என்ற தகவல் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

1986இல் தினகரனின் மகள் சாலை விபத்தில் இறந்தார். ஆயிரக்கணக்கானோருக்கு வருவதைச் சொன்னவர் வீட்டில் இது ஏன் தெரியவில்லை என்று அப்போது கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் மலிவாகப் படுகிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் தீர்க்கதரிசனத்துக்கு மூன்று வேலைகள் தருகிறார்: கட்டியெழுப்புதல், புத்தி சொல்லுதல், ஆறுதல். வருவதை அறிவிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அறிவிப்பை ஒரு விபத்து அடித்துப்போட்டுவிடும். ஆறுதலை அப்படி அடித்துப்போட முடியாது. சில சமயம் அது அங்கேதான் தொடங்குகிறது.

பைபிளே இந்த வகைமைக்கு ஒரு விமர்சன மரபை வைத்திருக்கிறது என்பதை நம் சபைகள் மறந்துவிட்டன. எரேமியா 28இல் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும், சிறைப்பட்டவர்கள் திரும்புவார்கள் என்கிறான். எல்லோருக்கும் இனிக்கும் செய்தி. எரேமியா முதலில் ஆமென் என்கிறார், அப்படியே நடக்கட்டும் என்கிறார். சமாதானம் சொல்பவனை அது நடந்த பிறகுதான் நம்ப முடியும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அனனியா அதே வருஷம் செத்துப்போகிறான். அடுத்த அதிகாரத்தில் எரேமியா நாடுகடத்தப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், திரும்ப எழுபது வருஷம் ஆகும்.

அந்தக் கடிதத்தின் 11ஆம் வசனம்தான் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருவது. அட்டையில் அது தனி ஆளுக்கான நல்ல செய்தி. இங்கே தமிழ் ஒரு சின்ன சதி செய்கிறது. ‘உங்கள்’ என்பது நமக்குப் பன்மையும்தான், மரியாதையும்தான். அட்டையை எடுத்தவர், கடவுள் தன்னை மரியாதையாக விளிக்கிறார் என்று வாசித்துக்கொள்ளலாம். ஆனால் பவருடைய பைபிளில் கடவுள் தனிமனிதனை எப்போதும் ‘நீ’ என்றே சொல்கிறார். ஆகவே அந்த ‘உங்கள்’ கறாரான பன்மை, ஒரு ஜனத்துக்கானது. அன்று கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பிப் போகாமல் பாபிலோனிலேயே செத்திருப்பார்கள். அவர்களுக்கும் அது வாக்குத்தத்தம்தான். நம்மில் எத்தனை பேர் அந்த அர்த்தத்தில் அட்டையை எடுக்கிறோம்?

தேதி சொன்ன தீர்க்கதரிசிகளும் நம் பக்கம் இருந்திருக்கிறார்கள். 1860இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் வழியாகப் பரவிய எழுப்புதல், அடுத்த பத்தாண்டில் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலிகன் குருவான ஜஸ்டஸ் ஜோசப், வித்வான் குட்டி என்று அறியப்பட்டவர், கிறிஸ்து 1881இல் திரும்பி வருவார் என்ற அறிவிப்பை மையமாக வைத்து யூயோமயம் என்ற சபையைக் கட்டினார். 1881 வந்தது, போனது. அந்த மனிதர் எழுதிய கீர்த்தனைகளை மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிறார்கள். அவருடைய கணிப்பு நிற்கவில்லை, பாட்டு நின்றது. குறைந்தபட்சம் அவர் தேதி சொன்னார், தோற்பதற்கு வாய்ப்பளித்தார். இன்றைய ஊழியர்கள் அந்தத் தைரியத்தைக் கவனமாகத் தவிர்த்துவிட்டார்கள்.

சரி, நம்பலாமா? ஆறுதலாக வந்தால் கேட்கலாம், அதற்கு ஆமென் சொல்லலாம். திட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருவரோ மூவரோ பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்பது பவுல் போட்ட விதி. அதாவது பியர் ரிவ்யூ அவர் காலத்திலேயே உண்டு. தனியறையில், போனில், காணிக்கைக் கவரோடு சேர்ந்து வரும் வாக்குக்கு இந்தப் பரிசோதனை நடப்பதே இல்லை. பலித்தவை சாட்சியாக மேடையேறுகின்றன, பலிக்காதவைக்கு லாக் ஃபைலே கிடையாது. சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு வருஷம் கழித்துச் சொன்னவரிடமே காட்டுங்கள். அவர் அந்தத் தாளை எப்படி வாங்குகிறார் என்பது போதும்.

இன்னொன்று. அப்போஸ்தலர் 21இல் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்காட்டி, எருசலேமில் உனக்கு இதுதான் நடக்கும் என்கிறார். நண்பர்கள் அழுது, போகாதே என்கிறார்கள். பவுல் போகிறார். தீர்க்கதரிசனத்தை அவர் மறுக்கவில்லை, முடிவை மட்டும் தானே எடுத்தார். என் நண்பனின் அம்மாவுக்கு யாராவது இந்தப் பகுதியை வாசித்துக் காட்டியிருந்தால், சென்னையில் வந்த அந்த வேலையை அவன் எடுத்திருப்பான்.