ஹாக்லர்தான் ஜெயிப்பார் என்றவர்கள் எதைக் கணித்தார்கள்?

பெரிய குத்துச்சண்டை ஒன்று அறிவிக்கப்பட்டால் போதும், ரெண்டு மாசம் முன்னாடியே ரசிகர்களின் சண்டை ஆரம்பித்துவிடும். யார் ஜெயிப்பார், எத்தனையாவது ரவுண்டில், நாக்அவுட்டா பாயிண்டா. இதை வெட்டி அரட்டை என்று ஒதுக்க எனக்கு மனசு வருவதில்லை. பழைய சண்டைகளை உட்கார்ந்து மறுபடி பார்த்து, இவர் இடது கை இறங்குகிறது, அவருக்கு எட்டாவது ரவுண்டில் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் ரசிகர் ஒருவகையில் விமர்சகர்தான். விமர்சகர் என்று ஏற்றுக்கொண்டால் அவருடைய வாதத்தையும் விமர்சிக்க வேண்டும் இல்லையா? அதற்கு மிடில்வெயிட் பிரிவை எடுத்துக்கொள்கிறேன். எடை வரம்பு 160 பவுண்டு, சுமார் 72.5 கிலோ. இந்தப் பிரிவின் பட்டச் சண்டைகளைப் போல ரசிகர்களைப் பிரித்துப்போட்டவை குறைவு.

1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ், சீசர்ஸ் பேலஸ். சாம்பியன் மார்வின் ஹாக்லர், எதிரே சுகர் ரே லியோனார்ட். சண்டைக்கு முந்தைய நிலவரத்தைப் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை என்று தோன்றும். ஹாக்லர் 1976க்குப் பிறகு தோற்கவில்லை. 1980இல் லண்டனில் ஆலன் மின்டரிடமிருந்து பறித்த பட்டத்தைப் பன்னிரண்டு முறை காப்பாற்றியிருந்தார். லியோனார்டோ கண் விழித்திரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு சண்டை, 1984இல் கெவின் ஹோவர்டோடு. அதிலும் ஒருமுறை கீழே விழுந்து எழுந்தார். மிடில்வெயிட்டில் அதுவரை அவர் சண்டையே போட்டதில்லை. பந்தயக் கணக்கு ஹாக்லர் பக்கம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. எழுதியவர்களில் பெரும்பாலோரும் அவர் பக்கமே.

ஹாக்லர் கட்சியின் முக்கிய வாதம் தாமஸ் ஹெர்ன்ஸ். லியோனார்டுக்கு 1981இல் ஹெர்ன்ஸை நிறுத்தப் பதினான்கு ரவுண்டு ஆயிற்று, அதுவும் மூன்று ஜட்ஜ்களின் அட்டையிலும் பின்தங்கியிருந்த நிலையில். ஹாக்லர் 1985இல் அதே ஹெர்ன்ஸை மூன்றே ரவுண்டில் முடித்தார். ஆக ஹாக்லர் பெரியவர். முடிந்தது கணக்கு.

இந்த முக்கோணக் கணக்கை ரசிகர்கள் விடவே மாட்டார்கள். பார்க்க ரொம்ப தர்க்கமாக இருக்கும். ஆனா அதே கணக்கை ராபர்ட்டோ டுரானை வைத்துப் போட்டுப் பாருங்கள். லியோனார்ட் 1980 நவம்பரில் டுரானை எட்டாவது ரவுண்டில் போதும் என்று விலக வைத்தார். ஹாக்லருக்கு 1983 நவம்பரில் அதே டுரானோடு பதினைந்து ரவுண்டும் ஓட வேண்டியிருந்தது. ஹெர்ன்ஸைக் கேட்டால் ஹாக்லர், டுரானைக் கேட்டால் லியோனார்ட். முக்கோணம் தனக்கு வேண்டியதைத்தான் சொல்லும்.

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், அந்த டுரான் சண்டையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டுரான் லைட்வெயிட்டாக, அதாவது 135 பவுண்டில் பேர் வாங்கியவர். மிடில்வெயிட்டுக்குச் சின்ன ஆள். அப்படிப்பட்டவர் பதின்மூன்று ரவுண்டு முடிந்தபோது இரண்டு அட்டைகளில் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தார், மூன்றாவது அட்டையில் சமம். கடைசி இரண்டு ரவுண்டை எடுத்துத்தான் ஹாக்லர் தப்பினார். மேலே விழுந்து வராமல் நகர்ந்து, காத்திருந்து, எதிரி அடித்த பிறகு திருப்பி அடிக்கும் ஆளிடம் ஹாக்லர் தயங்குவார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஹெர்ன்ஸ் சண்டை எல்லார் கண்ணிலும் இருந்தது, டுரான் சண்டை யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. மூன்று ரவுண்டு நெருப்பை ரசிகன் பத்துத் தரம் பார்ப்பான். பதினைந்து ரவுண்டு சதுரங்கத்தை இரண்டாம் தரம் பார்க்க ஆள் கிடையாது.

இன்னொன்றும் கண் முன்னால்தான் இருந்தது: ஒப்பந்தம். லியோனார்ட் தரப்பு பணத்தில் விட்டுக்கொடுத்து (ஹாக்லருக்கு 12 மில்லியன் டாலர், அவருக்கு 11) விதிகளில் வாங்கிக்கொண்டது. பதினைந்துக்குப் பதில் பன்னிரண்டு ரவுண்டு, 20 அடி வளையம், 10 அவுன்ஸ் கையுறை. டுரானைக் கடைசி மூன்று ரவுண்டில் பிடித்தவருக்கு அந்த மூன்று ரவுண்டே கிடையாது என்றால், கணிப்பு தலைகீழாக மாற வேண்டாமா?

சண்டையில் என்ன நடந்தது? இடக்கை ஆளான ஹாக்லர் வலக்கை ஆள் போல நின்று தொடங்கினார். முதல் இரண்டு ரவுண்டும் லியோனார்டுக்குப் போயின. பிறகு ஹாக்லர் துரத்த, லியோனார்ட் நகர்ந்துகொண்டே இருந்து ரவுண்டு முடியும் நேரத்தில் படபடவென்று அடித்தார். மூன்று அட்டைகள்: லூ ஃபிலிப்போ 115-113 ஹாக்லர், டேவ் மொரெட்டி 115-113 லியோனார்ட், குவெர்ரா 118-110 லியோனார்ட். பட்டம் கைமாறியது.

இன்றுவரை ரசிகர்களின் கோபமெல்லாம் குவெர்ராவின் 118-110 மேல். கோபம் நியாயம்தான். பன்னிரண்டில் பத்து ரவுண்டு லியோனார்டுக்கு என்றால் எந்தச் சண்டையைப் பார்த்தாரோ. (இதில் ஒரு வேடிக்கை: முதலில் உட்கார வேண்டியவர் பிரிட்டிஷ் ஜட்ஜ் ஹாரி கிப்ஸ். ஹாக்லர் தரப்பு ஆட்சேபித்ததால் குவெர்ரா வந்தார். கிப்ஸ் வீட்டில் டிவியில் பார்த்து ஹாக்லருக்கே கொடுத்தாராம்.) ஆனா ஒரு அட்டை என்பது ஒரு ஓட்டு. பத்து ரவுண்டு வித்தியாசமோ ஒரு ரவுண்டு வித்தியாசமோ, ஓட்டு ஒன்றுதான். முடிவைச் செய்தது மொரெட்டியின் அட்டை. 115-113 என்றால் ஏழுக்கு ஐந்து. அதில் ஒரே ஒரு ரவுண்டு மாறியிருந்தால் 114-114. ஆளுக்கு ஒரு அட்டை, மூன்றாவது சமம், ஆக சண்டை டிரா. டிரா என்றால் பட்டம் சாம்பியனிடமே. இதே சீசர்ஸ் பேலஸில் 1979இல் விட்டோ அன்டுவோஃபெர்மோவோடு பதினைந்து ரவுண்டு ஆடி டிரா ஆனபோது, இந்த விதியால்தான் ஹாக்லர் வெறுங்கையோடு திரும்பினார். அன்றைக்கு அவரைக் கெடுத்த விதி 1987இல் காப்பாற்ற ஒரு ரவுண்டு குறைந்தது.

அப்படியானால் "யார் பெரியவர்" என்று ரசிகர்கள் போட்ட சண்டைக்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம்? யாருடைய ரவுண்டுகள் தெளிவானவை, யாருடையவை எப்படியும் எழுதலாம் என்ற ரகம், அந்த ரகத்தில் ஜட்ஜின் கண் எதைத் தேடும் என்பதுதான் கேள்வி. அதைக் கேட்டவர்கள் வெகு சிலர்.

முப்பது வருஷம் கழித்து, 2017 செப்டம்பர் 16இல் அதே ஊரில் கொலோவ்கினும் கனேலோ அல்வாரெஸும் மோதியபோது ரசிகர்கள் ஜட்ஜ்களைப் பற்றியே பேசினார்கள். முன்னேற்றம் என்று சொல்ல ஆசைதான். ஆனா பேசியது "வேகாஸில் கனேலோவுக்கு எதிராக யாரும் எழுத மாட்டார்கள்" என்ற ஒரே வரி. அவர்களுக்கு 2013இல் மேவெதர் தெளிவாக ஜெயித்த சண்டையில் ஒரு ஜட்ஜ் 114-114 என்று எழுதியது போதுமான ஆதாரம். முன்பு அறியாமை, இப்போது சந்தேகம். இரண்டுமே யோசிக்கும் வேலையை மிச்சப்படுத்துபவை. மற்ற வாதங்கள் வழக்கமானவை: கொலோவ்கினுக்கு 35 வயசு, ஆறு மாசம் முன்பு ஜேக்கப்ஸ் பன்னிரண்டு ரவுண்டும் தாக்குப்பிடித்தார், இத்தியாதி.

வந்த அட்டைகளைப் பாருங்கள்: அடலெய்ட் பைர்ட் 118-110 கனேலோ, டான் ட்ரெல்லா 114-114, கொலோவ்கினுக்கு 115-113 என்று கொடுத்தவர் அதே டேவ் மொரெட்டி. சண்டை டிரா. மறுபடியும் அதே 118-110, மறுபடியும் எல்லார் வசவும் அந்த அட்டைக்கு. பைர்ட் கனேலோவுக்கு 115-113 என்று கொடுத்திருந்தாலும் முடிவு இதே டிராதான். ட்ரெல்லா ஒரு ரவுண்டை மாற்றி எழுதியிருந்தால் கொலோவ்கின் ஜெயித்திருப்பார். ட்ரெல்லாவை யாரும் பெரிதாகத் திட்டவில்லை.

ஜட்ஜ்களுக்கே வேலை வைக்காத சண்டைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஹாக்லர்-ஹெர்ன்ஸ் அப்படி. அந்த மாதிரிச் சண்டைக்கு "யார் பெரியவர், யார் தாடை உறுதி" என்ற பேச்சே போதும். ஆனா இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால்தான் ரசிகர்கள் மாசக்கணக்கில் விவாதிக்கிறார்கள். அப்படிச் சமமான சண்டைகள்தான் அட்டைக்குப் போகின்றன.

2018 செப்டம்பர் 15இல் மறுபோட்டி. இரண்டு ஜட்ஜ்கள் 115-113 கனேலோ, ஒருவர் 114-114. கனேலோவுக்குக் கொடுத்த இருவரில் ஒருவர் மொரெட்டி. இங்கேயும் அந்த இருவரில் யாராவது ஒருவர் ஒரு ரவுண்டை மாற்றியிருந்தால் டிரா, பட்டம் கொலோவ்கினிடமே இருந்திருக்கும். அவருக்கு மறுபோட்டியாவது கிடைத்தது. ஹாக்லருக்கு அதுவும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு 1988இல் ஓய்வை அறிவித்து இத்தாலிக்குப் போய்விட்டார். 2021 மார்ச்சில் அவர் இறந்தபோது, அந்த ரவுண்டுகளை ரசிகர்கள் மறுபடி எண்ண ஆரம்பித்தார்கள்.